கண்ணுக்கு வந்த வெளிச்சம் எவ்வளவு?

நல்ல அலுவலகத்தில் மேசைமேல் விழும் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ். கண்ணுக்கு நேரே வருவது அதிலும் குறைவு. அதே நேரம் வெளியே உச்சி வெயிலில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். ஆனாலும் உள்ளே நுழைந்த சில நிமிடங்களில் கண் இரண்டையும் 'பகல்' என்றே ஒப்புக்கொள்கிறது. எந்த வெளிச்சத்துக்கும் பழகிக்கொள்ளும் கண்ணை நம்பிக் கணக்கெழுத முடியாது. அதற்குத்தான் உடலில் அணியும் ஒளிமானிகள் வந்தன.

கணக்கு எதற்கு? பார்ப்பதற்கு மட்டுமல்ல கண். விழித்திரையில் சில நரம்பணுக்கள் தாமே ஒளியை உணர்ந்து மூளையின் உடல்கடிகாரத்துக்குத் தகவல் அனுப்புகின்றன என்பதை 2002-இல் டேவிட் பெர்சன் குழு காட்டியது. இவற்றில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமி, 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கே அதிகம் தூண்டப்படும். லக்ஸ் அளவோ 555 நானோமீட்டர் பச்சையை உச்சமாக வைத்தது. எனவே புதிய கருவிகள் நிறம் பிரித்து அளந்து, மெலனாப்சினுக்கு ஏற்ற லக்ஸாக மாற்றித் தருகின்றன. அந்தக் கணக்கில் பகலில் குறைந்தது 250, படுக்கப்போகும் முன் மூன்று மணி நேரம் 10-க்கு மிகாமல், தூக்கத்தில் 1-க்கு மிகாமல் என்று 2022-இல் நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தது.

சிக்கல், கருவியை எங்கே மாட்டுவது என்பதில். மணிக்கட்டில் கட்டினால் தொந்தரவில்லை. ஆனால் முழுக்கைச் சட்டை மூடியதும் நடுப்பகலிலும் இருட்டு பதிவாகும். போர்வைக்குள் கை இருக்க, முகத்தருகே செல்போன் எரிந்தால் கருவிக்கு அது தெரியவே தெரியாது. மூக்குக்கண்ணாடிச் சட்டமே சரியான இடம். ஆனால் அதை மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போக யார் சம்மதிப்பார்கள்? பிரிட்டனின் யுகே பயோபேங்க் ஆய்வில் ஏறக்குறைய 89,000 பேரின் ஒளிப்பதிவு கிடைத்தது மணிக்கட்டுக் கருவியால்தான். இரவு வெளிச்சம் கூடியவர்களிடம் மனச்சோர்வும் கூடுதலாக இருந்தது. எது காரணம், எது விளைவு என்று இதை வைத்து மட்டும் தீர்ப்பெழுத முடியாது. தூக்கம் வராதவர்தானே விளக்கைப் போடுகிறார்!

என் பார்வையில், இக்கருவிகளின் உருப்படியான பயன் குழந்தைகளின் கிட்டப்பார்வை ஆய்வில்தான். தைவானில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளிமானி அணிவித்து நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. கிட்டப்பார்வை வராமல் தடுக்கக் கொளுத்தும் வெயில் தேவையில்லை. 1,000 லக்ஸ் அளவு வெளிச்சத்தில் கூடுதல் நேரம் இருந்தாலும் பலன் உண்டு என்றது அது. மரநிழலிலும் பள்ளி வராந்தாவிலும் அந்த அளவு கிடைத்துவிடும்.