அட்டைச் சுவருக்குள் ஓடிப் பார்க்கும் டாக்டர்கள்! நெய்வேலிக்கு ஏற்ற கேஷுவால்டி எப்படி இருக்கும், தெரியுமா?

எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடம்பில் பாதி வெந்துவிட்டது என்று வையுங்கள். முதல் 24 மணி நேரத்தில் அவர் ரத்தக் குழாய் வழியே எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும், தெரியுமா? கிட்டத்தட்ட 14 லிட்டர்! அதில் பாதி, காயம் பட்ட 8 மணி நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும். 1960களில் அமெரிக்காவின் பார்க்லேண்ட் மருத்துவமனையில் டாக்டர் சார்லஸ் பாக்ஸ்டர் வகுத்த கணக்கு இது. எடையையும் வெந்த சதவீதத்தையும் பெருக்கி, மறுபடி நான்கால் பெருக்கினால் மில்லிலிட்டர் அளவு கிடைத்துவிடும். அரை லிட்டர் பாட்டிலில் 28. பத்துப் பேர் ஒன்றாக வந்தால் 280 பாட்டில்! கட்டில் எங்கே என்று கேட்பதற்கு முன்னால் ஸ்டோர் ரூம் எங்கே என்று கேட்க வேண்டும்.

நெய்வேலியில் இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல் மின் நிலையத்தில் பாய்லர் வெடித்து ஆறு தொழிலாளர்கள் அன்றே இறந்தார்கள், 17 பேர் காயமடைந்தார்கள்; காயமடைந்தவர்களில் சிலர் பின்னர் இறந்தார்கள். அதே ஆண்டு மே 7 அன்றும் அதே நிலையத்தில் பாய்லர் விபத்து. உள்ளூரில் முதலுதவி, பிறகு பலத்த தீக்காயங்களோடு சென்னைக்கு, ஏறத்தாழ 200 கிலோமீட்டர்! அந்த நெடும்பயணத்தைத் தாங்கும் தெம்பை உடம்புக்குத் தர வேண்டியது நெய்வேலியின் முதல் ஒரு மணி நேரம்தான்.

வெந்த உடம்பு குளிரில் நடுங்கும், தெரியுமா? தோல் போய்விட்டால் உடம்புச் சூடு தங்காது. ஆகவே தீக்காய அறையைச் சூடாக்கவும் வழி வேண்டும். ஆமாம், நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்து மே மாத வெயிலிலும்தான்!

உயிர் காக்கும் அறையில் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடவே கூடாது. மூச்சுக் குழாய் செருகும் டாக்டர் நோயாளியின் தலைமாட்டில் நிற்க வேண்டும். மற்றவர்கள் இரண்டு பக்கமும் நின்று வேலை செய்ய வேண்டும். இடம் போதுமா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், தெரியுமா? பல நாடுகளில் கட்டடம் எழும்பும் முன்பே, அட்டையில் முழு அளவு அறையைச் செய்துவிடுகிறார்கள்! பொம்மை நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு டாக்டர்களும் நர்ஸ்களும் நிஜமாகவே ஓடிப் பார்க்கிறார்கள். எங்கே முழங்கை இடிக்கிறது, எந்த அலமாரி எட்டவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். அட்டையை நகர்த்துவது சில நிமிட வேலை. கான்கிரீட்டை?

சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கும் முறையைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுகளில் பார்த்திருப்பீர்கள். இதன் வேர் நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் லாரேயிடம் இருக்கிறது. பதவியைப் பார்க்காதே, காயத்தைப் பார் என்பதே அவர் வழி. அதிகாரி, ஒப்பந்தத் தொழிலாளி என்ற பேதம் வாசலிலேயே விழுந்துவிட வேண்டும். இதைவிட நல்ல மருத்துவ விதி எனக்குத் தெரியாது.

கேஷுவால்டியில் காத்திருப்போரின் ஆத்திரத்தை அறிவிப்புப் பலகை குறைக்கும், தெரியுமா? பிரிட்டனில் இரண்டு மருத்துவமனைகளில், அடுத்து என்ன நடக்கும், ஏன் காத்திருக்கிறோம் என்று விளக்கும் பலகைகள் வைத்தார்கள். மிரட்டலும் ஆத்திரமும் பாதியாகக் குறைந்தன!

இஸ்ரேலின் ஹைஃபா நகரில், ரம்பாம் மருத்துவமனையின் மூன்று அடுக்கு நிலத்தடி கார் நிறுத்துமிடம் தேவைப்பட்டால் 2000 படுக்கை மருத்துவமனையாக மாறும்! நெய்வேலிக்கு அவ்வளவு தேவையில்லை. போர்டிகோ சுவரில் நாலு ஆக்சிஜன் இணைப்பும், தண்ணீர்க் குழாயும், கைவிடாத ஜெனரேட்டரும் இருந்தாலே பேரிடர் நாளில் பெரிய பலம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த மாவட்டத்தின் மின்கம்பங்களைச் சாய்த்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

கேஷுவால்டியின் வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களே, அதற்கு முன் இரவு ஷிப்ட் நர்ஸையும், ஆம்புலன்ஸ் ஓட்டுநரையும், பாய்லரில் நிற்கும் தொழிலாளியையும் அழைத்து உட்கார வைத்துக் கேளுங்கள்!