பேரேரித் தூண்டிலும் அமிழ்த்திகளும்

மீன்பிடித்தல் என்றவுடன் வலையும் கட்டுமரமுமே நம் நினைவிற்கு வருகின்றன. வட அமெரிக்கப் பேரேரிகளில் வேறொரு முறை வழங்குகின்றது. படகை மணிக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லச் செலுத்தி, அதன் பின்னே தூண்டில்களை இழுத்துச் செல்வர். இதனை 'ட்ரோலிங்' என்பர். எந்த இரை என்பதினும், எந்த ஆழத்தில் இரை என்பதே இதில் முதன்மையான வினா.

மிச்சிகன் ஏரியை எடுத்துக்கொள்வோம். அதன் பேராழம் 281 மீட்டர். நன்னீர் 4 பாகை செல்சியசில்தான் மிகுந்த அடர்த்தி பெறும். ஆதலின் கோடையில் குளிர்நீர் அடியில் தங்க, ஞாயிற்றால் சூடேறிய நீர் மேலே மிதக்கும். இடையில், வெப்பம் சட்டென்று குறையும் மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. சினூக் சால்மன் 12 பாகையை ஒட்டிய குளிர்ச்சியை விரும்புவது. ஆகவே அவ்வடுக்கை ஒட்டியே திரியும். (இம்மீன் பசிபிக் பெருங்கடலுக்கு உரியது. ஏல்வைஃப் என்னும் சிறுமீன் ஏரியில் அளவிறந்து பெருகியபோது, அதனை உண்ணட்டும் என்று 1966-இல் கோஹோ சால்மனையும் 1967-இல் சினூக்கையும் மிச்சிகன் மாநிலத்தார் கொணர்ந்து விட்டனர்.) அடுக்கின் ஆழமோ நிலையானதன்று. கரையிலிருந்து ஏரியை நோக்கிக் காற்று வலுத்து வீசினால் மேல்நீர் விலக, அடிநீர் கரையருகே மேலெழும். நேற்று 25 மீட்டரில் கிடைத்த மீன் இன்று 10 மீட்டரில் நிற்கலாம். எனவே கருவியைத் தேர்வதற்கு முன் நீரின் வெப்பத்தை அளந்தறிதல் வேண்டும்.

இரையை ஆழத்திற்குக் கொண்டுசெல்லும் கருவியை ஈண்டு 'அமிழ்த்தி' என்று வழங்குவோம். எளிதில் விளங்குவது டவுன்ரிக்கர். படகின் விளிம்பிலுள்ள உருளையிலிருந்து எஃகுக் கம்பி இறங்கும். அதன் நுனியில் நான்கைந்து கிலோ எடையுள்ள குண்டு தொங்கும். தூண்டில் நரம்பை ஒரு கவ்வியால் அதனுடன் பிணைப்பர். மீன் கௌவியதும் நரம்பு விடுபடும். பின்னர் மீனுக்கும் மனிதனுக்கும் இடையே எடையேதும் இராது. ஆழத்தைத் துல்லியமாகக் குறிக்க இதற்கு நிகரில்லை. ஆயினும் விலை மிகுதி. குண்டும் படகின் அடிப்பகுதியை விட்டு அகலாது.

அக்குறையை நீக்குவது 'டிப்சி டைவர்' போன்ற வட்டத்தட்டு. சாய்ந்து நிற்கும் தட்டின்மேல் நீர் மோதும் விசையே அதனைக் கீழே அழுத்துகின்றது. பட்டம் காற்றில் ஏறுவதைத் தலைகீழாக எண்ணினால் இதன் இயக்கம் விளங்கும். அடித்தகட்டைச் சுழியில் வைத்தால் தட்டு நேரே ஆழும். 3-இல் வைத்தால் ஆழம் குறைந்து பக்கவாட்டில் விலகும். நரம்பு மெல்லியதாயின் நீர்த்தடை குறைந்து தட்டு மேலும் ஆழும். எனவே உடன் வரும் ஆழ அட்டவணை, குறிப்பிட்ட தடிப்புள்ள நரம்பிற்கே பொருந்தும். புதியவர் பலர் இதனை நோக்குவதில்லை. தட்டிற்குப் பின்னுள்ள நரம்பு தூண்டிற்கோலின் நீளத்திற்கு மிகாதிருத்தல் நன்று. தட்டு கோல்நுனியைக் கடந்து வாராது. நரம்பு நீண்டால் மீன் கைக்கு எட்டாது.

'ஜெட் டைவர்' படகு நின்றால் மேலே மிதந்துவிடும். பாறை மிக்க ஆழமற்ற நீருக்கு அது போதும்.

இவற்றினும் நாம் வலியுறுத்த விழைவது தட்டிலுள்ள சிறு திருகினையே. மீன் இழுத்தவுடன் தட்டின் பிடி விடுபட்டு, அது சாய்வு நீங்கி நீரை எதிர்க்காமல் வரும். அப்பிடியின் இறுக்கத்தை முடிவு செய்வது இத்திருகு. மிகத் தளர்த்தினால் அலையே விடுவித்துவிடும். மிக இறுக்கினால் பெருமீனுக்கே விடுபடும். சிறுமீன் கௌவியது தெரியாமலே நெடுநேரம் இழுபட்டு மாளும். அளவிற் சிறியவற்றைத் திரும்ப விடுவதே முறை. ஆனால் செத்த மீனை விடுவதால் யாருக்கு என்ன பயன்? உயிரோடு வந்தாலும், குளிர்ந்த ஆழத்திலிருந்து களைத்து ஏறிய சால்மன் வெதுவெதுப்பான மேல்நீரில் பிழைப்பது கடினம். எனவே வேண்டிய அளவு கிடைத்தபின், விட்டுவிடலாம் என்றெண்ணி மேலும் இழுப்பதை நாம் ஏற்பதற்கில்லை.

திருகை முடுக்குமுன் தட்டைப் படகோரமாக நீரில் இழுத்துப் பார்க்க வேண்டும். ஓடும் வேகத்தில் தானே விடுபடாத அளவே போதுமானது. கோல்நுனியின் துடிப்பு சற்று மாறினாலும் நரம்பைச் சுற்றிப் பார்த்தல் நன்று; மாறாவிடினும் இருபது மணித்துளிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.