கராஜில் ஒரு பழைய பிக்கப்

வெஸ்ட் வின்ட்சர் வீட்டுக் கராஜில் 1978ஆம் ஆண்டு போர்ட் எப்-100 பிக்கப் ஒன்றைத் திருத்தி வருகிறோம். கறள் சுரண்டியாயிற்று, காபரேற்றரையும் கழற்றிக் கழுவிவிட்டோம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிறிச் கார்களை ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய கைகள் அல்லவா! (அந்தப் புகைமணம் இன்னும் மூக்கில் நிற்கிறது.)

ஆனால் அங்கே மரநிழலில் வேலை செய்தோம். இங்கே குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டு என்ஜினை ஓடவிட்டோம். சற்று நேரத்தில் மேல்மாடியில் கார்பன் மொனொக்சைட் அலாரம் அலறியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் ஓடி, 911ஐ அழைத்தோம். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. இப்போது வண்டியை வெளியே தள்ளிய பிறகுதான் சாவியைத் திருப்புகிறோம். பெயின்ற் வேலை இன்னும் மிச்சம்.