பறவைப் படமும் நினைவக அட்டையும்

தில்லியில் அலுவல் பார்க்கும் நம்மவருள் பறவைகளைப் படமெடுக்கும் ஆர்வம் கொண்டோர், குளிர்காலத்தில் பரத்பூரின் கேவலாதேவ் காட்டுக்குச் சென்று வருவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நானும் சென்றிருந்தேன். பாம்புத்தாரா ஒன்று அலகிற் குத்திய மீனுடன் நீரினின்று தலையை நீட்டியது. காமிராவின் விசையை அழுத்தியவாறே இருந்தேன். விநாடிக்குப் பத்துப் படம் வீதம் ஓடிய கருவி, ஐந்தாறு விநாடிகளில் திக்கி நின்றது. அந்நேரத்தில் பறவை மீனை மேலே எறிந்து, தலைப்பக்கமாகப் பிடித்து விழுங்கிவிட்டது! குறை கருவியினுடையதன்று, நான் தேர்ந்தெடுத்த மெமரி கார்டினுடையது.

இதன் காரணத்தைப் பள்ளிக்கூடத்துத் தொட்டிக் கணக்கைக் கொண்டே விளக்கலாம். எடுத்த படங்கள் முதலில் காமிராவினுள் இருக்கும் 'பஃபர்' என்னும் இடைத்தேக்கத்தில் நிறைகின்றன. பின்னரே அட்டைக்கு வடிகின்றன. ஒரு படம் 25 மெகாபைட் எனின், விநாடிக்குப் பத்துப் படங்களுக்கு 250 மெகாபைட் உட்புகும். இடைத்தேக்கம் 1000 மெகாபைட் கொள்ளும் என வைத்துக்கொள்வோம். அட்டை விநாடிக்கு 60 மெகாபைட் எழுதுமாயின், ஐந்து விநாடிகளில் தேக்கம் நிரம்பிவிடும். அது முழுதும் வடிய மேலும் 17 விநாடிகள் ஆகும். 200 மெகாபைட் எழுதும் அட்டையாயின், இருபது விநாடிகள் தொடர்ந்து எடுக்கலாம். ஐந்தே விநாடிகளில் தேக்கம் காலியாகும்.

ஆகவே, வாங்கும்போது நோக்க வேண்டியது எழுதும் வேகமே. அட்டையின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண், பெரும்பாலும் படிக்கும் வேகத்தைக் குறிப்பதாகும். நான் ஏமாந்தது அங்கேதான். 'வி' என்னும் ஆங்கில எழுத்துடன் 30, 60, 90 என வரும் எண்களோ, விநாடிக்கு இத்தனை மெகாபைட்டுக்குக் குறையாமல் தொடர்ந்து எழுதும் என்னும் உறுதியைத் தருவன. கொள்ளளவு மிகுந்த அட்டை வேகமும் மிகுந்தது என்று கொள்ளற்க.

அடுத்து, காமிராவுக்கு ஏற்ற அட்டையா என்று காண்க. எஸ்.டி. அட்டைகளில் யு.எச்.எஸ். முதல் வகையின் பாதை விநாடிக்கு 104 மெகாபைட்டும், இரண்டாம் வகையின் பாதை 312 மெகாபைட்டும் வரை இடம் தரும். இரண்டாம் வகை அட்டையின் பின்புறம் உலோகத் தொடுமுனைகள் இரு வரிசையாக இருக்கும். முதல் வகைக் காமிராவில் அதனை இட்டால், முதல் வகையின் வேகமே கிட்டும். கூடுதலாகக் கொடுத்த பணம் வீண். சி.எஃப். எக்ஸ்பிரஸ் அட்டைகள் இவற்றினும் பன்மடங்கு விரைவானவை. ஆனால் அவற்றுக்குரிய துளையுள்ள காமிராவில் மட்டுமே பொருந்தும். இரண்டு அட்டைகளில் ஒரே படத்தை ஒருங்கே பதியச் செய்தால், மெதுவான அட்டையின் வேகமே இரண்டுக்கும் வேகமாகிவிடும்.

புதிய அட்டையை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். விசையை அழுத்தியவாறே, கருவி தளரும் வரை எத்தனை படம் விழுகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை அறிந்தவர், பறவை மீனைத் தூக்கி எறியும் கணம் வரை விரலைக் காத்துக்கொள்வார்.