உங்களுக்குத் தெரியுமா? வேலையில் அடிபட்டால் சம்பளம் நிற்காது!

● சம்பளச் சீட்டில் மாதாமாதம் 'ஈ.எஸ்.ஐ.' (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று ஒரு தொகை பிடிக்கிறார்களே, அது மாத்திரை மருந்துக்கு மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்குள் ஒரு முழுமையான விபத்துக் காப்பீடும் இருக்கிறது. தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். மாதம் 15,600 ரூபாய் வாங்குபவரிடம் பிடிப்பது 117 ரூபாய். நிறுவனம் போட வேண்டியது 507 ரூபாய். அந்த 507-ஐயும் சேர்த்துத் தொழிலாளி சம்பளத்தில் பிடித்தால் அது தண்டனைக்குரிய குற்றம்.

● கட்டாய விபத்துக் காப்பீட்டுக்கு வழிகாட்டிய நாடு ஜெர்மனி. அந்நாட்டுச் சான்சலர் பிஸ்மார்க் காலத்தில், 1884 ஜூலை 6-ல் வந்த சட்டம் முழுச் சந்தாவையும் முதலாளிகள் மேலேயே வைத்தது. இந்தியாவில் 1923-ல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. ஆனால் பணம் முதலாளியின் பையிலிருந்துதான் வர வேண்டும். பட்டறையை இழுத்து மூடிவிட்டு அவர் ஊரைவிட்டே போய்விட்டால், வழக்கில் ஜெயித்தவர் கையில் தீர்ப்பு மட்டும்தான் மிஞ்சும். எல்லா நிறுவனங்களும் சேர்ந்து ஒரு பொது நிதி கட்டினால் இந்தச் சிக்கல் தீரும். பேராசிரியர் பி.பி.அடார்க்கர் 1944-ல் தந்த அறிக்கை அதற்கு அடித்தளம் போட்டது. 1948-ல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1955-ல் முதலில் வந்த இடம், மில்கள் நிறைந்த கோவை.

● காய்ச்சல், மஞ்சள்காமாலை என்று படுத்தால் உதவித்தொகை பெற, ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் அடிபட்டவருக்கு அந்த நிபந்தனையே கிடையாது. காலை எட்டு மணிக்கு வேலையில் சேர்ந்து பத்து மணிக்கு மெஷினில் கை மாட்டினாலும் அவருக்கு முழு உரிமை உண்டு.

● இந்தத் துணுக்கை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். அடிபட்டவரை ஆட்டோவில் ஏற்றும்போதே சில சூப்பர்வைசர்கள் காதில் ஓதுவது இது: "வீட்டுல வழுக்கி விழுந்துட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு. செலவை கம்பெனி பார்த்துக்கும்." அந்த ஒரு வரி தொழிலாளியின் வாழ்க்கையையே மாற்றிவிடும். நோய் என்று பதிவானால் கிடைப்பது சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள். வேலை விபத்து என்று பதிவானால் 90 சதவீதம், வேலைக்குத் திரும்பும் அளவுக்குக் குணமாகும்வரை; விபத்து நடந்த நாள் போக மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் இருந்தால் போதும். நிரந்தர ஊனத்துக்கான மாதாந்தரப் பணமும் வேலை விபத்துக்குத்தான். கம்பெனியின் நல்ல பெயருக்காக ஒருவரின் ஆயுட்கால வருமானத்தைப் பறிக்கும் வேலை இது.

● விரல்களுக்கும் சட்டத்தில் கணக்கு இருக்கிறது. வாசிக்கவே மனசு கனக்கும் பட்டியல் அது. கட்டைவிரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7. இரண்டு கையும் போனால் 100. பிரஸ் மெஷினில் கட்டைவிரலை இழந்த ஒருவரின் சராசரி தினக்கூலி 600 ரூபாய் என்று வையுங்கள். அதில் 90 சதவீதம் 540. அதில் 30 சதவீதம் 162. ஆக ஒரு நாளைக்கு 162 ரூபாய், 30 நாள் மாதத்துக்கு 4,860 ரூபாய், உயிரோடு இருக்கும்வரை வரும். அவர் மறுபடி வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் நிற்காது.

● "மெஷின் ஓடும்போது கையை விடாதேன்னு சொல்லியிருந்தோமே!" என்று நிர்வாகம் சொல்லலாம். நிறுவனத்தின் வேலைக்காகச் செய்தபோது நேர்ந்திருந்தால், விதியை மீறியதாகவே இருந்தாலும் அது வேலை விபத்துதான்.

● வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ, ஷிப்ட் முடிந்து திரும்பும் வழியிலோ நேரும் விபத்தும் 2010 முதல் இதில் சேரும். நேரத்துக்கும் வழிக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால் போதும்.

● பஞ்சுத் தூசியால் ஸ்பின்னிங் மில் தொழிலாளிக்கு வரும் நுரையீரல் நோயும், கல் தூசியால் வரும் சிலிக்கோசிஸும் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. அடி விழாமலே உடம்பு கெட்டாலும் விபத்துக்குரிய அதே உரிமைகள் உண்டு.

● வேலை விபத்தில் உயிரே போய்விட்டால், சம்பளத்தில் அந்த 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதாமாதம் பங்காகிறது. மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு. பிள்ளைகளுக்குத் தலா ஐந்தில் இரண்டு பங்கு. கூட்டினால் முழுத் தொகையைத் தாண்டும் என்றால் எல்லோருக்கும் விகிதப்படி குறையும். ஈமச் செலவுக்கு 15,000 ரூபாய் தனி.

● காயத்துக்கு உதவித்தொகை வாங்கும் காலத்தில் தொழிலாளியை வேலைநீக்கம் செய்யக் கூடாது. கடன்காரர் கோர்ட்டுக்குப் போனாலும் இந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது. ஊனத்தால் வேலையை விட நேர்ந்தவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டி, ஓய்வுபெறும் வயதுவரை தனக்கும் துணைவருக்கும் சிகிச்சையைத் தொடரலாம்.

● முதலாளி சந்தாவைக் கட்டாமல் ஏமாற்றியிருந்தால்? ஈ.எஸ்.ஐ. திட்டத்தை நடத்தும் காப்பீட்டுக் கழகமே தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க சட்டம் இடம் தருகிறது.

● திட்டத்தில் சேர்க்கும் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய். 2017 ஜனவரியில் வைத்தது. விலைவாசியோடு சேர்த்து இதையும் உயர்த்தியே ஆக வேண்டும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, அரசு அறிவிக்கும் அபாயகரமான தொழில்களில் ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் ஈ.எஸ்.ஐ. உண்டு என்கிறது. பட்டறைத் தொழிலாளர்கள் காத்திருந்த மாற்றம் இது.

● உங்களுக்கோ பக்கத்து மெஷின்காரருக்கோ அடிபட்டால், முதல் வேலையாக விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னாலும் செல்லும்; அவருக்காக வேறொருவரும் சொல்லலாம். டாக்டரிடம் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். எழுத மறுத்தால் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 1800-11-2526 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசுங்கள்.