அடக்குவது வேறு, கட் செய்வது வேறு

வரும் அழைப்பை எடுக்க விரும்பாதபோது ஸ்மார்ட்போன் நமக்கு இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று ஒலியை அடக்குவது, இன்னொன்று அழைப்பைக் கட் செய்வது. கையில் போனை வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம், அழைத்தவருக்கு அப்படியல்ல. 4ஜி வழியே வரும் அழைப்பை எடுத்துக்கொள்வோம். அழைப்பு வந்து சேர்ந்ததும் நம் போன், 'இங்கே மணி அடிக்கிறது' என்று நெட்வொர்க்குக்குப் பதில் அனுப்புகிறது. அந்தப் பதிலுக்கு 180 என்று குறியீடு. அழைத்தவர் காதில் விழும் மணியோசை நம் ரிங்டோன் அல்ல. அந்தப் பதிலை ஒட்டி அவர் பக்கத்தில் எழும் ஓசை. நாம் அழைப்பை எடுத்தால் 200 என்ற பதில் போகும், பேச்சு தொடங்கும். கட் செய்தால் 486 அல்லது 603 போன்ற மறுப்புக் குறியீடு போகும். அழைத்தவருக்கு மணியோசை சட்டென நின்றுவிடும். ஒலியை அடக்கினால் எந்தச் செய்தியும் போவதில்லை. நம் போனின் ஒலிபெருக்கியும் அதிர்வும் மட்டுமே ஓய்கின்றன. அழைப்பு உயிரோடுதான் இருக்கிறது.

கட் செய்த அழைப்பை மீட்க முடியாது. அடக்கிய அழைப்பை அது ஓயும்வரை எடுக்கலாம். பொத்தான்களின் அமைப்பும் இந்த வேறுபாட்டுக்கு ஏற்றபடியே இருக்கிறது. ஐபோனின் பக்கவாட்டுப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒலி அடங்கும். கட் செய்ய இருமுறை அழுத்த வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களில் பொதுவாக வால்யூம் பொத்தானைத் தொட்டாலே ஒலி நிற்கும். மீட்கக்கூடிய செயல் எளிதாகவும், மீட்க முடியாதது சற்றுக் கடினமாகவும் இருப்பதே நல்ல வடிவமைப்பு. கைபேசியில் பதிலில்லாத அழைப்பு 30 விநாடி ஒலிக்க வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019இல் விதித்தது. கூட்டத்தில் இருப்பவர் ஒலியை அடக்கிவிட்டு வெளியே போய் எடுக்க அந்த அவகாசம் பெரும்பாலும் போதும்.

அடக்குவது அழைத்தவரைக் காக்கவைத்து ஏமாற்றுவதாகாதா என்று கேட்கலாம். எடுக்கப்போவதே இல்லை என்று முடிவு செய்துவிட்டால் அந்தக் கேள்வி நியாயமானதே. அப்போது கட் செய்து, 'பிறகு அழைக்கிறேன்' என்ற குறுஞ்செய்தியையும் சேர்த்து அனுப்புவதே மரியாதை. இரண்டு வகைப் போன்களிலும் அதற்கு வசதி உண்டு. போனை மொத்தமாக அடக்கி வைத்தால் அவசர அழைப்பு தவறிவிடாதா என்பது அடுத்த கேள்வி. 'தொந்தரவு செய்யாதே' நிலையில் அதற்கும் வழி இருக்கிறது. ஒரே எண்ணிலிருந்து ஐபோனில் 3 நிமிடத்துக்குள், ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள் மறுமுறை அழைப்பு வந்தால் அதை ஒலிக்கவிடும் அமைப்பு அது. உங்கள் போனில் அது இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவசரத்தில் இருமுறை அழைக்கும்படி சொல்லி வையுங்கள்.