கரைக்கும் ஒரு கணக்கு வேண்டும்!

அவலூர்பேட்டையில் கடல் இல்லை, படகும் இல்லை. ஏரும் ஏரியும் நம்பி வாழும் ஊர் இது. படகு ஏறி இறங்கும் துறைகளுக்குப் பொதுப் பதிவேடு வேண்டுமென்று இங்கே நின்று நாம் பேசுவானேன் என்று கேட்கும் தோழர்கள் உண்டு.

பேசத்தான் வேண்டும், தோழர்களே! செஞ்சி மலைப்பக்கம் பிறக்கும் சங்கராபரணி, கடலைத் தேடித்தான் ஓடுகிறது. நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே மரக்காணம், வானூர்ப் பக்கம் கடற்கரை இருக்கிறது. எக்கியார்குப்பத்தில் வலை இழுப்பவனும் நம்மைப்போல் உழைத்து உண்பவனே.

உழவனுக்குப் பட்டா உண்டு, சிட்டா உண்டு, அடங்கல் உண்டு. ஏரிக்கும் களத்துமேட்டுக்கும் புல எண் உண்டு. எவனாவது களத்தை வளைத்தால், "கணக்கைப் புரட்டு!" என்று கேட்க நமக்கு வாயுண்டு. மீனவனுக்குக் களம் எது? கரைதான்! அங்கேதான் படகை ஏற்றுகிறான், வலையை உலர்த்துகிறான், கிழிசலைத் தைக்கிறான். அங்கேதான் ஏலம் நடக்கிறது. அங்கேதான் பெண்கள் கருவாடு காயவைக்கிறார்கள். இத்தனை நடக்கும் மணல், கணக்கில் ஏறாவிட்டால் காசுக்காரன் கண்ணுக்கு வெறும் பொட்டல்! பொட்டலென்றால் வேலி வரும், விடுதி வரும், வழி அடைபடும்.

சட்டம் இதை அறியாததல்ல. மீனவர் ஊர்களும், அவர்களுடைய பொதுச் சொத்துக்களும், படகுத்துறைகளும், மீன் உலர்த்தும் இடங்களும் புல எண் தெரியும் வரைபடத்தில் காட்டப்பட வேண்டுமென்று 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை சொல்லிற்று. 2019-இல் புது அறிவிக்கை வந்தது. அதன்படி தமிழகக் கரைக்கு வரைந்த படங்கள் 2023-இல் வெளியானபோது, எங்கள் ஊரும் தொழிலிடமும் சரியாக இல்லையே என்று மீனவர்கள் முறையிட்டார்கள். ஏட்டிலே உரிமை, படத்திலே இல்லை! இதுதான் நீதியா?

பட்டியல் ஏற்கெனவே இருக்கிறதே என்பார் சிலர். இருக்கிறது. 2010-ஆம் ஆண்டுக் கடல் மீனவர் கணக்கெடுப்பு, இந்தியா முழுவதும் 3,288 மீனவர் ஊர்களையும் 1,511 மீன் இறங்குதளங்களையும் எண்ணிச் சொன்னது. நன்று. ஆனால் எண்ணிக்கை வேறு, எல்லை வேறு. இத்தனை மாடு என்று எண்ணிவிட்டால் மேய்ச்சல் நிலம் காப்பாற்றப்பட்டதாகிவிடுமா?

நாம் கேட்பது, ஊரார் கூடி எழுதும் பதிவேடு. துறையின் பெயர், புல எண், எல்லை. எந்த வகைப் படகு ஏறும், எந்தப் பருவத்தில் அலை இடம் கொடுக்கும். சாலைக்குப் போகும் பொது வழி எது. ஐஸும் குடிநீரும் உண்டா? இவை எல்லோரும் படிக்கும்படி ஊராட்சிச் சுவரில் இருக்க வேண்டும். அலுவலகப் பெட்டியில் தூங்கக் கூடாது.

ஒருமுறை எழுதினால் போதாது. 1980-களில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கட்டிய கல்சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. வடக்கே பொம்மையார்பாளையத்தில் கடல் கரையைத் தின்றது. படகு நிறுத்த இடம் சுருங்கிற்று. இந்த மாற்றத்தை முதலில் காண்பவன் படகுக்காரன். ஆகவே ஆண்டுதோறும் திருத்தும் உரிமை அவனுக்கே வேண்டும்.

மே 1-இல், உழைப்பாளர் திருநாளில், கிராம சபை கூடுகிறது. குப்பத்துத் தோழர்கள் தங்கள் துறைகளைத் தீர்மானமாக எழுதட்டும். ஏர் பிடிக்கும் நாம் அதற்கு ஆதரவுத் தீர்மானம் போடுவோம். இன்று அவன் கரை; நாளை நம் களம்!